பரு போன பிறகும் போகாத சிவப்பு



நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தேருக்கும் தீர்த்தத்துக்கும் நம்ம மலைப் பக்கமிருந்தும் சனம் பஸ் பிடித்துப் போகிறது. ஒரு வருஷம் நாங்களும் அப்படி ஒரு பஸ்ஸில் போனோம். கண்டி, தம்புள்ளை, வவுனியா, ஆனையிறவு என்று இரவு முழுக்க ஓடி, விடியும் நேரம் நல்லூரில் இறங்கினோம். தேர் நாள். கோயில் வெளி வீதியில் பரப்பிய மணல் பத்து மணிக்கெல்லாம் கால் வைக்க முடியாமல் சுட்டது.

எங்களோடு ஒரு பிள்ளையும் வந்திருந்தாள். பத்தொன்பது வயது. பெயர் வேண்டாம். பஸ்ஸுக்குள் இருட்டில்கூட துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டே இருந்தாள். வெட்கம் என்று நினைத்தோம். தேர் இருப்புக்கு வந்த பிறகு பார்த்தால், இரண்டு கன்னமும் செக்கச்சிவந்து, "எரியுதுங்க, எரியுதுங்க" என்று அழுகிறாள். தெரிந்தவர் மூலம் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனோம். அந்த வீட்டம்மா இளைப்பாறிய தாதி. ஈரத்துணியை முகத்தில் போட்டு ஆறவைத்து விட்டுக் கேட்டார்:

"பிள்ளை, முகத்துக்கு என்ன பூசுறனீர்?"

"கிறீம்தாங்கம்மா. பரு வந்து போன சிவப்பு அடையாளம் போகட்டும்னு பூசினேன்."

"எவ்வளவு காலமா?"

"நாலு மாசமாங்க."

"எங்க, அதைக் காட்டும் பாப்பம்."

பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி வந்தது. மேலே பூப்படம் மட்டும். உள்ளே என்ன மருந்து, யார் செய்தது, எப்போது காலாவதி, ஒன்றும் கிடையாது.

"முதல் வாரமே முகம் பளிச்சுன்னு ஆயிருச்சுங்கம்மா. ஆனா ரெண்டு நாள் நிப்பாட்டினா திரும்பச் சிவந்துரும். அதனால விடாம போட்டேன்."

"அதுதான் பிள்ளை பிழை. நிப்பாட்டினாச் சிவக்குதெண்டா, அந்தச் சிவப்பைத் தாறதே இந்தக் கிறீம்தான்" என்றார் அந்த அம்மா.

இதைக் கேட்டு எங்களுக்கே திக்கென்றது. ஏனென்றால் அதே மாதிரி டப்பி நம்ம லயங்களில் எத்தனையோ வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் பரு போன பிறகு நிற்கிற சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

பரு ஏன் வருது?

நம்ம தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னத் துவாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு மயிர்க்கால், அதோடு சேர்ந்து ஒரு எண்ணெய்ச் சுரப்பி. பெரிய பிள்ளையாகும் வயதில் உடம்பில் ஓமோன்கள் கூடும்போது இந்த எண்ணெயும் கூடும். செத்த தோலும் எண்ணெயும் சேர்ந்து துவாரத்தை அடைத்துவிடும். லயத்துக் கான் அடைத்தால் என்ன நடக்கிறது? தண்ணீர் தேங்கி, புழு பூச்சி பெருகி, கரை உடைகிறது. இங்கேயும் அப்படித்தான். அடைத்த இடத்தில் கிருமி பெருகும், உடம்பு அதை எதிர்க்கும், அந்த இடம் வீங்கிச் சிவக்கும். அதுதான் பரு.

ஆகவே பரு வருவது அழுக்கினால் அல்ல. சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடாது. "கல்யாணம் முடிச்சா சரியாயிரும்" என்று பெரியவங்க சொல்வதும் சரியில்லை. பொடியன்மாருக்கும் வரும், பிள்ளை பெற்ற அம்மாமாருக்கும் வரும்.

பரு வற்றிய பிறகு சிவப்பு ஏன் நிற்கிறது?

பருவோடு சண்டை பிடிக்க உடம்பு அந்த இடத்துக்கு இரத்தத்தைக் கூடுதலாக அனுப்புகிறது. அதற்காகத் தோலுக்குள் இருக்கிற நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. பரு வற்றினாலும் அவை உடனே சுருங்குவதில்லை. சோறு இறக்கின பிறகும் அடுப்புக் கல்லு சுடுகிற மாதிரிதான். இந்தச் சிவப்பு நோயல்ல. புண் ஆறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

நம்ம தோலில் இன்னொரு விஷயமும் உண்டு. நம்ம நிறத்தைக் கொடுக்கிற நிறச் சத்தை உண்டாக்கும் கலங்கள், வீக்கம் வந்த இடத்தில் கூடுதலாக வேலை செய்யும். அதனால் வெள்ளைக்காரருக்குச் சிவப்பாக நிற்கிற அடையாளம் நமக்குப் பெரும்பாலும் மண்ணிறமாக, கறுப்பாக அல்லது ஊதா கலந்த நிறமாகத் தெரியும். மாநிறத்தவர்களுக்குச் சிவப்பும் கறுப்பும் கலந்தே இருக்கலாம்.

எது எது என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுத்தமான, நிறமில்லாத கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்து, அடையாளத்தின் மேல் மெதுவாக அழுத்தி, கிளாஸ் ஊடாகப் பாருங்கள்.

அழுத்தும்போது நிறம் மறைந்து, எடுத்ததும் திரும்ப வந்தால் அது இரத்தக் குழாய்ச் சிவப்பு.

அழுத்தினாலும் நிறம் அப்படியே நின்றால் அது நிறச் சத்து தங்கிய கறுப்பு அடையாளம்.

நிறம் எதுவானாலும் விரலால் தடவும்போது பள்ளமாகத் தெரிந்தால் அது தழும்பு. பள்ளத்தை எந்தக் கிறீமும் நிரப்பாது. யாராவது நிரப்பும் என்று சொன்னால் பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் எடுக்கும்?

இங்கேதான் நம்ம பிள்ளைகள் பொறுமை இழக்கிறார்கள். சிவப்பு அடையாளம் மறைய மாதக் கணக்கு எடுக்கும். ஆறு மாதமும் எடுக்கலாம், ஒரு வருஷமும் தாண்டலாம். கறுப்பு அடையாளமும் அப்படித்தான். சாம்பல் கலந்து ஆழமாகத் தெரிகிற கறுப்பு என்றால் இன்னும் நாள் எடுக்கும். ஆனால் புதுப் பரு வராமல் பார்த்து, வெயிலிலிருந்து காத்தால், பெரும்பாலான அடையாளங்கள் தானாகவே மங்கும்.

கவ்வாத்து வெட்டிய மலையை அடுத்த வாரமே பார்த்து "கொழுந்து எங்கே?" என்று நாம் யாரும் கேட்பதில்லை. செடி துளிர்க்க அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுக்கிறோம். முகத்துக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க மனசு வருவதில்லை.

ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கிற டப்பி

அந்த அவசரத்தை நம்பித்தான் பெயரில்லாத கிறீம்கள் விற்பனையாகின்றன. அவற்றில் பயப்பட வேண்டிய பொருட்கள் இரண்டு.

ஒன்று ஸ்டீரோயிட். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று இதில் பல வகை. இவை கெட்ட மருந்தல்ல. எக்ஸிமா, சொறாசிஸ் போன்ற நோய்க்கு டொக்டர் பார்த்து, இந்த இடத்துக்கு, இத்தனை நாளுக்கு என்று அளந்து கொடுக்கிறார். பிழை எங்கே வருகிறதென்றால், அளவில்லாமல் முகத்தில் பூசும்போது.

ஸ்டீரோயிட் இரத்தக் குழாயைச் சுருக்கும். அதனால் பூசிய உடனே சிவப்பு மறையும், முகம் வெளுத்துத் தெரியும். "நல்ல கிறீம்" என்று பெயர் எடுப்பது இதனால்தான். மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். குழாய்கள் தாமாகச் சுருங்கும் பழக்கத்தை இழந்துவிடும். கிறீமை நிப்பாட்டினால் முன்னைவிட மோசமாக விரிந்து, முகம் முழுக்கச் சிவந்து எரியும். அதைத் தணிக்கத் திரும்பவும் அதையே பூச வேண்டி வரும். கசிப்புக்காரன் காலையில் கை நடுக்கம் தீர இன்னொரு கிளாஸ் கேட்பது போன்றதுதான் இது. போகப் போக சிவப்பு நரம்புக் கோடுகள் தெரியும், கன்னத்தில் மயிர் முளைக்கும், வெயிலும் அடுப்பு அனலும் தாங்காது. எந்தப் பரு அடையாளத்துக்காகப் பூசத் தொடங்கினோமோ அந்தப் பருவே திரும்பக் கொத்தாக வரும்.

இது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற விஷயமல்ல. இந்தியாவில் 12 சிகிச்சை நிலையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை டொக்டர்கள் விசாரித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீரோயிட் பூசி வந்தவர்கள். அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். பாதிக்கு மேற்பட்டவர்கள் டொக்டர் அல்லாத யாரோ சொல்லிப் பூசியவர்கள். சவரம் செய்த பிறகு பூசிய ஆண்களும் இதில் அடக்கம். அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்ட பாதிப்பு என்ன தெரியுமா? பரு புதிதாக வந்தது, இருந்த பரு கூடியது. இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கு இந்திய டொக்டர்கள் 'ஸ்டீரோயிட் முகம்' என்ற பொருளில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018இல் இந்திய அரசாங்கம் பூசும் ஸ்டீரோயிட் வகைகள் 14ஐ, டொக்டரின் துண்டு இருந்தால் மட்டும் விற்கக்கூடிய பட்டியலில் சேர்த்தது.

மற்றது பாதரசம். இது நிறச் சத்து உண்டாவதைத் தடுக்கும். அதனால் வெளுக்க வைக்கும் கிறீம்களில் திருட்டுத்தனமாகக் கலக்கிறார்கள். தோல் வழியாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுக்கம், நித்திரையின்மை, மறதி, எரிச்சல் குணம் எல்லாம் தரும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகும். பூசியவரோடு நிற்காது. ஒரே துவாயில் முகம் துடைக்கிறவர், ஒரே பாயில் படுக்கிற குழந்தை எல்லோருக்கும் அதில் பங்கு கிடைக்கும். ஒரு காம்பராவில் ஐந்து ஆறு பேர் படுக்கிற நம்ம லயத்தில் இதை மறக்கக் கூடாது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் சேர்ந்து செய்த உடன்படிக்கைக்கு மினமாட்டா என்று பெயர். பாதரசத்தால் சனம் பாழான யப்பான் நாட்டு ஊரின் பெயர் அது. இலங்கையும் 2017இல் அதில் சேர்ந்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025உடன் முற்றாக நிறுத்துவது என்று 2023இல் அந்த நாடுகள் முடிவெடுத்தன. சட்டம் இருக்கிறது. ஆனாலும் பெயரில்லாத டப்பி சட்டத்தைக் கேட்டு வருவதில்லை.

டப்பியைப் படிங்க

வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

செய்தவர் பெயர், விலாசம், உள்ளே இருக்கும் பொருட்கள், காலாவதித் திகதி ஆகியவை இல்லையென்றால் வேண்டாம்.

பெயரின் கடைசியில் 'சோன்' என்றோ 'சோல்' என்றோ வந்தால் கவனம். அது ஸ்டீரோயிட்டாக இருக்கலாம். டொக்டரிடம் அல்லது பாமசியில் காட்டிக் கேளுங்கள்.

'மேர்க்குரி', 'கலோமெல்' போன்ற சொல் இருந்தால் அது பாதரசம்.

தங்கம், வெள்ளி நகையில் படாமல் வைக்கவும் என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்து வெளுக்க வைக்கும். தாலிக்கொடிக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா?

'ஏழு நாளில்' என்று வாக்குக் கொடுத்தால் அதுவே எச்சரிக்கை.

சரி, என்னதான் செய்வது?

முதலில் வெயில். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நல்லூர் வெயிலில் அந்தப் பிள்ளையின் முகம் சிவந்ததும், "யாழ்ப்பாணத்து வெயில் பொல்லாதது, நம்ம மலையில இப்படி இல்லை" என்று பஸ்ஸில் எல்லோரும் பேசினோம். பாதிதான் சரி. முகத்து அடையாளத்தைக் கறுக்க வைப்பதில் பெரிய பங்கு வெயிலில் வரும் புற ஊதாக் கதிருக்குத்தான். அது கண்ணுக்கும் தெரியாது, சூடாகவும் தெரியாது. மணல் அதில் ஒரு பங்கைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நல்லூர் வீதியில் நடந்தது அதுதான். ஆனால் உயரம் கூடக் கூட இந்தக் கதிரும் கூடும். 1,000 மீற்றருக்குச் சுமார் 10 வீதம் என்பது கணக்கு. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். அங்கே குளிர் இருக்கலாம், ஆனால் வானம் தெளிந்த நாளில் கதிர் குறைவில்லை. மெல்லிய முகில் ஊடாகவும் அது இறங்கும். "பனி மூட்டமா இருக்கு, வெயில் எங்கே?" என்று நாள் முழுக்க மலையில் நிற்கிற நமக்கு இது முக்கியம்.

ஆகவே கொழுந்து எடுக்கப் போகும்போது முகத்துக்கு நிழல் விழுகிற மாதிரி விளிம்பு அகலமான தொப்பி போடுங்கள், அல்லது துணியை முன்னே இழுத்துக் கட்டுங்கள். சன்ஸ்கிறீன் வாங்க வசதியிருந்தால் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் வாங்கி, வேலைக்குப் போகும் முன்பும் மதியமும் பூசலாம். விலை அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். தொப்பியும் துணியும் செலவில்லாத மருந்து.

கிள்ளாதீங்க. பருவைப் பிதுக்கினால் உள்ளே உள்ளது இன்னும் ஆழமாகப் போகும். அடையாளமும் ஆழமாகும். கொழுந்துக் கறை, உரம், மருந்து அடித்த கை முகத்தில் படவே கூடாது. வேலை முடிந்ததும் முதலில் கை, பிறகு முகம்.

முகம் கழுவுவது ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். வாசம் குறைந்த மென்மையான சோப்பு. உடுப்புச் சோப்பு வேண்டாம். நாரால் தேய்க்க வேண்டாம். தேய்க்கத் தேய்க்கச் சிவப்புக் கூடும்.

தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் நெற்றிக்கும் கன்னத்துக்கும் வழியாமல் பாருங்கள். அது துவாரத்தை அடைக்கும். கூடைக் கயிறு, தலைத்துணி உரசுகிற இடத்திலும் பரு வரும். மயிர்க்கரை ஓரமாக மட்டும் பரு வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அந்தத் துணியை நாளும் கழுவி, காய்ந்ததைக் கட்டுங்கள்.

தேசிக்காய்ச் சாறு, பற்பசை, அப்பச்சோடா எதுவும் முகத்தில் வேண்டாம். தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீய்ந்து கொப்பளித்துக் கறுப்பு அடையாளம் வரும். மஞ்சள், சந்தனம் பூசிப் பழகியவர்கள் எரிச்சல் இல்லையென்றால் பூசலாம். ஆனால் அதை மருந்தென்று நம்பிப் பருவுக்கு வைத்தியம் பார்க்காமல் விட வேண்டாம்.

மருந்து என்ன?

அடையாளத்துக்கு மருந்து தேடும் முன் பருவை நிறுத்த வேண்டும். மேலே ஒழுகுகிற கூரையை அடைக்காமல் தரையைத் துடைத்து என்ன பயன்? பருவுக்கு பென்சொயில் பெரொக்சைட், அடபலீன் என்ற பூசும் மருந்துகளை டொக்டர்கள் கொடுப்பார்கள். பென்சொயில் பெரொக்சைட் பட்ட தலையணை உறையும் சட்டையும் நிறம் போகும். பழசை விரித்துப் படுங்கள். அடபலீனை இரவில், கடலை அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லியதாகப் பூச வேண்டும். முதலில் கொஞ்சம் காய்ந்து உரியும். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் எடுக்கும்.

சிவப்பு, கறுப்பு இரண்டு அடையாளத்துக்கும் உதவக்கூடியது அசெலயிக் அமிலம் என்ற கிறீம். நியாசினமைட் என்பதும் உதவும். இவை மெதுவாக வேலை செய்கிறவை. சிவப்புக்கு லேசர் சிகிச்சையும் உண்டு. பெரிய நகரங்களில், பெரிய செலவில். அது இல்லாமலே பெரும்பாலானோருக்கு மங்கும் என்பதால் அதற்காகச் சீட்டுப் பணம் எடுக்கத் தேவையில்லை. ஹைட்ரோகுயினோன் என்ற கறுப்பு நீக்கும் கிறீமை டொக்டர் சொன்ன காலத்துக்கு மேல் பூசினால் முகம் நீலக் கறுப்பாக மாறிவிடும் ஆபத்து உண்டு.

அம்மாமாருக்கு ஒரு முக்கிய வார்த்தை. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு எதிர்பார்த்திருப்பவர்கள் அதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடபலீன் அப்போது பூசக் கூடாது. பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினொயின் குளிசை வயிற்றுப் பிள்ளையை ஊனமாக்கும். அதை ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் வாங்கிப் போடவே கூடாது.

ஏற்கெனவே அந்த டப்பியைப் பூசுகிறவர்கள்

பயப்படாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். புதிதாக இன்னொரு கிறீமுக்குத் தாவாமல் டப்பியையும் எடுத்துக்கொண்டு முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டுங்கள். அவர் துண்டு எழுதி அனுப்புவார். நுவரெலியா, பதுளை, கண்டி அரசாங்க வைத்தியசாலைகளில் தோல் நோய்க் கிளினிக் இருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் உண்டு. பார்ப்பதற்குப் பணமில்லை. போக ஒரு நாள் சம்பளம் போகும் என்பது உண்மைதான். ஆனால் மாதா மாதம் டப்பிக்குப் போகிற காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கிறீமை விட்ட முதல் சில வாரம் சிவப்பு கூடும். இது எதிர்பார்த்ததுதான். அந்த நேரத்தில் மனம் உடைந்து பழைய டப்பியைத் திறக்காமல் இருப்பதுதான் பெரிய காரியம். எப்படி விடுவது, தணிக்க என்ன போடுவது என்று டொக்டர் சொல்வார்.

இன்னொன்று. சிவந்த அடையாளம் எல்லாமே பருவால் வந்ததல்ல. தொட்டால் உணர்ச்சி தெரியாத சிவப்பு அல்லது வெளிர்ந்த தேமல் குஷ்ட நோயாக இருக்கலாம். அதற்கு இலவசமாக மருந்து உண்டு, முழுக்கக் குணமாகும். மூக்கின் இரு பக்கமும் கன்னத்தில் படர்ந்த சிவப்போடு மூட்டு வலியும் காய்ச்சலும் இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

கடைசியாக அந்தப் பிள்ளையைப் பற்றி. நல்லூர் அம்மா சொன்னபடி ஊருக்கு வந்ததும் கிளினிக் போனாள். அம்மாவும் கூடப் போனார். முதல் மாதம் முகத்தைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் அழுகை. தை மாதம் பொண்ணு பார்க்க வருவதாக இருந்தவர்களிடம், "பிள்ளைக்கு மருந்து எடுக்கிறோம், சித்திரை கழித்து வாங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல என்று நாங்கள் நினைக்கிறோம். ஏனென்றால் அந்த டப்பியை அவள் வாங்கியதே, "முகத்தைப் பாரு, யாரு வருவாங்க?" என்று வீட்டில் நாளும் கேட்ட பேச்சினால்தான்.

எட்டு மாதம் கழித்து அவளைப் பார்த்தோம். எரிச்சல் இல்லை, சிவப்பு அடங்கியிருந்தது. கன்னத்தில் நாலைந்து மண்ணிற அடையாளம் மட்டும் மங்கலாக நின்றது. துப்பட்டி தோளில்தான் கிடந்தது. "அடுத்த வருஷமும் தேருக்கு வருவேங்க, தொப்பியோட" என்று சிரித்தாள்.

உங்க வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் பெயரில்லாத டப்பி இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள். இருந்தால் பிள்ளையை ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாகப் பூசுகிறாள் என்று கேளுங்கள். பிறகு கிளினிக்குக்குக் கூடப் போங்கள்.